மூவிராசாக்களும் மத்தேயு நூலும்

ஒரு சமயத்தார் தம் மறைநூலை எங்ஙனம் கற்கின்றனர் என்பதை அறியாதார், அந்நூலின் சொற்பொருளை அறியினும் அதன் உயிரை அறியார். விவிலியத்தைப் பொறுத்தவரை இவ்வுண்மைக்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் பெருவழியில் இலுப்பைக்கடவை முதலிய ஊர்கள் அமைந்த கரைநாடு, கத்தோலிக்க நாட்டுக்கூத்துகளுக்குப் பேர்பெற்றது. மன்னார்ப் பகுதியில் வழங்கிய அக்கூத்துகளுள் ஒன்றாகிய ‘மூவிராசாக்கள் நாடக’த்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1966இல் பதிப்பித்தார். அதன் கதைக்கு வித்து மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரமாகும்.

எனினும், அவ்வதிகாரத்தை ஊன்றிப் படிப்பார் வியப்பெய்துவர். கீழ்த்திசையிலிருந்து வந்தோர் மூவர் என்று மத்தேயு கூறவில்லை. அரசர் என்றும் கூறவில்லை. கிரேக்க மூலம் அவர்களை ‘மாகோய்’ என்கிறது. விண்மீன் நூல் வல்ல அறிஞரை அச்சொல் ஈண்டுக் குறிக்கும். சீர்திருத்தத் திருச்சபையாரின் பழைய மொழிபெயர்ப்பு அதனைச் ‘சாஸ்திரிகள்’ என்றும், 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பு ‘ஞானிகள்’ என்றும் தந்துள்ளன.

அங்ஙனமாயின் அரசர் எங்கிருந்து வந்தனர்? கிறித்தவர் விவிலியத்தின் ஒரு நூலைப் பிற நூல்களின் ஒளியிலே கற்பர். அயல்நாட்டு மன்னர் காணிக்கை கொணர்வர் என 72ஆம் திருப்பாடலும், பொன்னும் நறும்புகைப் பொருளும் வரும் என எசாயா நூலின் 60ஆம் அதிகாரமும் கூறுதலால், அறிஞர் அரசராயினர். காணிக்கை மூன்றாதலின் வந்தோரும் மூவராயினர். ஓரிடத்துச் சொல்லைப் பிறிதோரிடத்துச் சொல்லால் விளக்கும் இம்முறை தமிழ் உரையாசிரியர்க்கும் புதிதன்று. ஆயினும், மூலம் வேறு, உரை வேறு. சிரிய மரபு வந்தோரைப் பன்னிருவர் என்கிறது. உரோமையின் பழைய நிலத்தடிக் கல்லறை ஓவியங்களுள் ஒன்றில் இருவரும், மற்றொன்றில் நால்வரும் காணப்படுகின்றனர்.

இவ்வுரையால் மூலம் இழந்ததும் ஒன்றுண்டு. இவ்வதிகாரத்தில் மத்தேயு எதிரெதிர் நிறுத்தும் அரசர் இருவரே: அரியணையில் அமர்ந்து அஞ்சும் ஏரோது ஒருவன், தாயிடம் இருக்கும் குழந்தை மற்றொருவர். முடியுடையோர் மேலும் மூவர் புகின் இம்முரண் மங்கும். மீக்கா நூலைக் கொண்டு பெத்லகேமைச் சுட்டிய மறைவல்லார் அங்குச் சென்றதாக மத்தேயு கூறவில்லை. மறையறியா அயலாரே சென்று வணங்கினர். கற்றோரைக் குத்தும் இக்குறிப்பும், வந்தோர் அரசராகியவழித் தளர்கின்றது.

கூத்து ஈட்டியதும் சிறிதன்று. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் மன்னாரில் புதுக்கிறித்தவர் பலர் கொல்லப்பட்டனர். அந்நினைவைப் போற்றிய மக்களுக்கு, மழலையரைக் கொல்வித்த ஏரோதின் கொடுமை வெறும் ஏட்டுச் செய்தியாய் இருந்திராது. மன்னரே குழந்தைமுன் முடிதாழ்த்தும் காட்சி அவர்க்கு அளிக்கும் ஆறுதலைச் சாத்திர அறிஞரின் வணக்கம் அளித்தல் அரிது.

ஆதலின், மத்தேயு கூறாததைக் கூறிற்று என்று கூத்தைப் பழித்தலும், கூத்துக் கூறியதெல்லாம் மத்தேயு கூறியதே எனக் கோடலும் ஒருங்கே குற்றமாம். மூலத்தை முதற்கண் தனித்துக் கற்று, பின்னர் அதன்மேல் ஒரு மக்கட்கூட்டம் தன் துயரும் நம்பிக்கையும் கலந்து வகுத்த உரையாகக் கூத்தை நோக்குதலே, எச்சமயத்து மாணவர்க்கும் ஏற்ற நெறியாகும்.