பேரும் காயும்: விண்கலப் பெரும்போர் விதிநூல்கள் குறித்து ஒரு நோக்கு

விளையாட்டு விதிநூல்களை நம் திறனாய்வாளர் பொருட்படுத்தியதில்லை. கதை, கவிதை, நாடகம் ஆகியவற்றை நுணுகி ஆராய்வோர், மேசைமீது சிற்றுருக்களை நிறுத்திப் போராடுவதற்கென எழுதப்பட்ட விதிகளை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுவர். ஆயின் விதிநூல் ஒவ்வொன்றும் ஓர் உலகைச் சமைக்கிறது. அவ்வுலகில் யார் செயற்படுவர், யார் செயற்படுத்தப்படுவர், எவரது அழிவு தனித்துக் குறிக்கப்படும், எவரது அழிவு கூட்டுத்தொகையில் மறையும் என்பனவற்றை ஆட்டம் தொடங்குமுன்னரே அது தீர்மானித்துவிடுகிறது. அவ்வகையில் அதுவும் கருத்துநிலை சார்ந்த எழுத்தே. விண்கலப் பெரும்படைகளின் போரைப் பொருளாகக் கொண்ட சில விதிநூல்களைப் பதுளையிலும் ஊவாத் தோட்டங்களிலும் வேரூன்றிய வாசக நிலையினின்று நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விண்கலத்துக்கும் ஊவாவுக்கும் என்ன தொடர்பு என்ற வினா எழலாம். தொடர்பு கணக்கில் உள்ளது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயர் ‘பேர்’ என்பதாகும். குறித்த அளவு கொழுந்து எடுத்தவருக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். மனிதரை அழைப்பதற்குரிய சொல், செக்ரோலில் ஏறியதும் கூலியின் அலகாக மாறிவிடுகிறது. தொழிலாளர் காலையில் கூடும் ‘பிரட்டு’, படையணி வகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பர். அவர்கள் குடியிருக்கும் ‘லயம்’ என்பதும் வரிசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததே. பசறையிலும் தெமோதரையிலும் அப்புத்தளையிலும் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் இச்சொற்கள், உழைப்பவரை அணிவகுத்து எண்ணும் முறைமையொன்றின் எச்சங்களாகும். இச்சூழலில் வளர்ந்த வாசகர், உயிர்கள் எண்களாக மாறும் இடத்தை எந்த எழுத்திலும் விரைவில் இனங்கண்டுகொள்வர்.

போரை எண்ணிக்கையாகக் காணும் நோக்கு நம் மரபுக்கும் புதியதன்று. போர்க்களத்தில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி எனப் பாட்டியல் நூல்கள் இலக்கணம் வகுத்தன. யானைகள் எண்ணப்பட்டன; அவற்றைச் செலுத்தியோரும் சூழ்ந்து நின்ற காலாட்களும் இலக்கணத்துள் அடங்கவில்லை. அதே மரபில், வீழ்ந்தவனின் பெயரைக் கல்லிற் பொறித்து நிறுத்தும் நடுகல் வழக்கமும் இருந்தது. நடுகல்லில் பெயர் ஒருவனை மீட்டுத் தருகிறது. செக்ரோலில் பேர் ஒருவனைக் கரைத்துவிடுகிறது. விதிநூல்களை இவ்விரு முனைகளுக்கும் இடையே வைத்து மதிப்பிடலாம்.

மேசைப் போராட்டத்தின் வரலாறு அரண்மனையிலும் படைத்துறையிலும் தொடங்குவது. பிரசிய அதிகாரியான இளைய ரைஸ்விற்ஸ் 1824இல் வெளியிட்ட போர் விளையாட்டு அதிகாரிகளின் பயிற்சிக்கு உதவியது. 1913இல் எச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வோர்ஸ்’ என்னும் நூலில் பொம்மைப் படைவீரரைக் கொண்டாடும் விதிகளைப் பொதுவாசகருக்கு வழங்கினார். மெய்ப்போரின் கொடுமையைவிட இச்சிறுபோர் எவ்வளவோ மேல் என்பது அவர் வாதம். மறு ஆண்டே முதலாம் உலகப்போர் மூண்டது. போராட்டம் தன்னளவில் போர்வெறியுமன்று, அமைதியின் காவலுமன்று என்பதை இது உணர்த்தும். விதிகள் எதனைக் காணச் செய்கின்றன, எதனை மறைக்கின்றன என்பதே வினவத்தக்கது.

விண்கலப் போரை எழுதுவோர் எதிர்கொள்ளும் முதற் சிக்கல் அளவு பற்றியது. 1979இல் வெளிவந்த ‘ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ்’ அறுகோணக் கட்டங்களில் அட்டைக் காய்களைக் கொண்டு ஆடப்படுவது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கலத்தின் ஆற்றலும் இயக்கத்துக்கு எவ்வளவு, ஆயுதத்துக்கு எவ்வளவு, காப்புக்கு எவ்வளவு எனத் தாளிற் பகிர்ந்து எழுதப்பட வேண்டும். இரு கலங்கள் மோதும்போது இந்நுணுக்கம் ஒரு நாடகமாகிறது. இருபது கலங்கள் மோதினால் அதுவே தாங்கொணாச் சுமையாகும். எனவே பெரும்படையை மேசைக்குக் கொணர விரும்பும் ஆசிரியர் எதையேனும் சுருக்கியாக வேண்டும். எதைச் சுருக்குகிறார் என்பதிலேயே அவரது உலகநோக்கு வெளிப்படுகிறது.

ஜோன் டஃப்லி 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட ‘ஃபுல் த்ரஸ்ட்’ இச்சிக்கலுக்கு நேர்த்தியான தீர்வொன்றைத் தந்தது. ஆடுவோர் கலங்களின் நகர்வை மறைவாக எழுதி, ஒரே நேரத்தில் வெளிப்படுத்துவர். கலத்தின் உடல், வரிசை வரிசையான கட்டங்களாக வரையப்பட்டிருக்கும். ஒரு வரிசை அழியுந்தோறும் எஞ்சிய கருவி ஒவ்வொன்றுக்கும் பகடை உருட்டி, அது செயலிழந்ததா என அறிய வேண்டும். முதல் வரிசை போனதும் ஆறு விழுந்தால் மட்டுமே பழுது. பின்னைய வரிசைகளில் அபாயம் கூடிச்செல்லும். இதனால் கலம் திடீரென மறைவதில்லை, படிப்படியாக முடமாகிறது. அழிவுக்கு ஒரு வரலாறு கிடைக்கிறது. இது இந்நூலின் சிறப்பு. எனினும் கலத்தினுள் உள்ள ஊழியர், பழுதுபார்க்கும் குழுக்களின் எண்ணிக்கையாகவே தோன்றுகின்றனர். கருவியைச் சீர்செய்யும் அளவுக்கே அவர்கள் இருப்பு கொள்கின்றனர்.

1999இல் கேம்ஸ் வொர்க்‌ஷொப் நிறுவனம் வெளியிட்ட ‘பேட்டில்ஃப்ளீட் கொதிக்’ சுருக்கத்தைப் படிநிலையாகவே அமைத்தது. பெருங்கலங்கள் பல அடிகளைத் தாங்குவன. அவை பாதி அழிந்த நிலையிலும் போராடும். துணைக்கலங்களோ ஓர் அடியில் மடிவன. அவை அணியாகச் சேர்ந்தே இயங்கும். போர்விமானங்கள் இன்னும் கீழ்நிலையில் உள்ளவை. ஓர் அட்டைக் குறியே ஒரு கூட்டத்தைக் குறிக்கும். துரைக்குத் தனி வரலாறு, கங்காணிக்குக் குழுவின் பெயர், கொழுந்து எடுப்பவருக்கு வெறும் எண் என்னும் அடுக்கை இது நினைவூட்டாதிருக்க முடியாது. ஆட்டம் விறுவிறுப்பானது என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்வடுக்கு ஆட்ட வசதி என்ற பெயரில் இயல்பானதாகத் தோற்றம் பெற்றுவிடுகிறது என்பது மனங்கொள்ளத்தக்கது.

மைக் ஹட்சின்சன் எழுதி 2021இல் வெளிவந்த ‘ஏ பில்லியன் சன்ஸ்’ இவ்வரிசையில் வேறுபட்டு நிற்கிறது. இங்கு ஆடுபவர் தளபதியல்லர்; வணிக நிறுவனமொன்றின் தலைவர். ஆட்டத் தொடக்கத்தில் மேசையில் அவருக்குக் கலங்களே இல்லை. ஒப்பந்தப் பணிகளை நிறைவேற்றுவதற்குத் தேவையானபோது கலங்களைத் தருவித்துக்கொள்ளலாம்; அவற்றின் விலை கணக்கிற் பற்றாக எழுதப்படும். இறுதியில் வெற்றியை முடிவு செய்வது இலாபமே. ஏனைய நூல்கள் வீரம், பேரரசு, மானம் எனப் புனைந்து மறைப்பதை இந்நூல் பேரேடாகத் திறந்து காட்டுகிறது. இவ்வகையில் இங்கு ஆராய்ந்தவற்றுள் நேர்மை மிக்கது இதுவே எனலாம். 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கையிற் தோட்டங்களை வாங்கத் தொடங்கியதையும், 1992க்குப் பின் அரசுத் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறியதையும் அறிந்த வாசகருக்கு இவ்வுலகு அந்நியமன்று. ஆயினும் நேர்மையான பேரேடும் பேரேடுதான். செலவு நிரலில் எழுதப்பட்ட கலத்துக்கு எதிர்த்து நிற்கும் உரிமையை இந்நூலும் வழங்கவில்லை.

இக்குறை மேசையோடு நிற்பதன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையக மக்களின் தலைவிதி, 1964 ஒக்ரோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எண்களாக எழுதப்பட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிப்பதற்கு. அவ்வெஞ்சிய தொகையும் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. இரு தரப்பும் சமமான காய்களைப் பெறுவது ஆட்டத்தில் நியாயம்; மக்களைப் பிரிக்கையில் அது நியாயத்தின் வேடம் மட்டுமே. பிரிக்கப்பட்டவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. காய்களிடம் கருத்துக் கேட்கும் விதி எந்த நூலிலும் இல்லை என்பது இவ்விடத்தில் உறைக்கிறது.

அப்படியாயின் பலரை உள்ளடக்கும் ஆட்டம் எதுவும் அவர்களை எண்களாக்கியே தீருமா? தோட்டங்களுக்கு வந்தோரின் முன்னோர் தமிழகக் கிராமங்களில் அறிந்திருந்த ஆடுபுலி ஆட்டம் வேறு விடை தருகிறது. இருபத்துமூன்று புள்ளிகள் கொண்ட கோட்டு வரைவில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் மோதுகின்றன. விண்கலப் போர் நூல்கள் பெரும்பாலும் புள்ளிக் கணக்கால் இரு படைகளையும் சமப்படுத்துகின்றன. இங்கோ சமத்துவமின்மையே தொடக்கம். புலி தாவிக் கொல்லும். ஆட்டுக்குக் கொல்லும் ஆற்றல் இல்லை. ஆடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்று, தாவுதற்குரிய வெற்றிடங்களை அடைத்து, மூன்று புலிகளையும் அசைய முடியாது செய்தால் வெல்கின்றன. தனித்து நிற்கும் ஆடு இரையாகும். அயலில் நிற்கும் ஆடு அரணாகும். ஆடுகளும் எண்களே, பெயரற்றவையே. ஆனால் அவற்றின் எண்ணிக்கை கணக்கெழுதுபவரின் வசதிக்காக வந்ததன்று; அதுவே அவற்றின் ஆயுதம்.

இவ்வேறுபாடு ஊவாவின் வரலாற்றிலும் காணக்கிடக்கிறது. 1940இல் பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அதுகாறும் செக்ரோலில் பேராக மட்டும் எழுதப்பட்டவர்கள், துரையுடன் பேசுவதற்குத் தம் பிரதிநிதிகளைத் தாமே பெயர் சொல்லி நியமித்தனர். அவர்களும் கைகளை எண்ணியே தேர்ந்திருப்பர். எண்ணுதல் இழிவன்று, எண்ணுபவர் யார், எதற்காக எண்ணுகிறார் என்பதே அதன் தன்மையைத் தீர்மானிக்கிறது.

சுருக்கமின்றிப் பெரும்போரை மேசையில் ஆட முடியாது என்னும் மறுப்புரை ஏற்கத்தக்கதே. வரலாறும் நாவலும் கூடச் சுருக்கியே எழுதப்படுகின்றன. எனவே சுருக்கியதற்காக ஒரு விதிநூலைக் குறைகூறுதல் பொருந்தாது. சுருக்கியது இன்னதென வெளிப்படையாகக் காட்டுகிறதா, சுருக்கப்பட்டவர்க்குச் செயற்படும் வழியொன்றை விட்டுவைக்கிறதா என்னும் இரு வினாக்களே அதற்குரிய அளவுகோல். ‘ஃபுல் த்ரஸ்ட்’ அழிவுக்கு வரலாறு தந்தது. ‘ஏ பில்லியன் சன்ஸ்’ கணக்கை மறைக்காது காட்டியது. இவ்விரண்டும் முதல் வினாவுக்கு ஓரளவு விடை கூறுகின்றன. இரண்டாம் வினாவுக்கு இங்கு நோக்கிய விண்கல நூல்களில் விடை இல்லை. கலத்தின் ஊழியர் கட்டளையை மறுக்கவும், அணியிலிருந்து விலகவும், பகைக்கலத்தின் ஊழியரோடு உடன்படவும் இடமளிக்கும் விதி எழுதப்படுமாயின், அந்நூல் போரை மட்டுமன்றிச் சமுதாயத்தையும் மேசைக்குக் கொணர்ந்ததாகும். அத்தகைய விதியை எழுதுதற்கு வேண்டிய அனுபவம், பேர் என்னும் சொல்லின் இரு பொருளையும் உடலால் அறிந்த மக்களிடம் நிறையவே உண்டு.