தஞ்சையின் தெருக்களைப் படிக்கும் முறை

சோழர் தலைநகரைப் பற்றிக் கட்டுரை வரையச் சொன்னால், நம் மாணவர் அரண்மனையிலே தொடங்கிக் கோயில் விமானத்திலே முடிப்பர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பாடநூலும் புதினமும் காட்டிய வழி அது. ஆயினும், 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் அரண்மனையைப் பற்றிக் கூறுவதினும் மிகுதியாகக் குடிகள் எங்கே வாழ்ந்தனர் என்பதைக் கூறுகின்றன.

உள்ளாலை, புறம்படி என நகரம் இரு கூறாக இருந்தது. சாலியத் தெரு, வில்லிகள் தெரு, ஆனையாட்கள் தெரு, மடைப்பள்ளித் தெரு என்பன தொழிலால் பெயர் பெற்றவை. பெருந்தெருக்களும் அங்காடிகளுமோ பெரும்பாலும் அரச குடும்பத்தாரின் பெயர்களைத் தாங்கின.

இவற்றினும் நுட்பமானது தளிச்சேரிக் கல்வெட்டு. சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து கொணர்ந்து குடியமர்த்தப்பெற்ற 400 பெண்டிரின் பெயரும், அவர்தம் பழைய ஊரும், புதிய வீடும் அதில் உள்ளன. இன்ன தளிச்சேரி, இன்ன சிறகு, இத்தனையாம் வீடு என்று வரிசை பிறழாமல் அது சொல்லிச் செல்கிறது. சிறகு என்பது தெருவின் ஒரு பக்க வீட்டு வரிசை. தோட்டத்து லயங்களில் எண்ணிட்ட கதவுகளைக் கண்டு வளர்ந்த என் போன்றோர்க்கு இவ்வரிசை புதிதன்று. ஒருத்திக்கு ஒரு பங்கு. ஆண்டுக்கு 100 கலம் நெல். அப்பட்டியலிலேயே நட்டுவரும் கணக்கரும், குயவரும் வண்ணாரும், தச்சரும் கன்னாரும் தத்தம் பங்குடன் இடம்பெறுகின்றனர்.

இதனை மன்னனின் கலைப்பற்றுக்குச் சான்றாகக் காட்டி அத்துடன் அமைவோர் பலர். அக்கருத்து பிழையன்று, குறையுடையது. 400 பெண்கள் வேரோடு பெயர்க்கப்பட்டு ஒரே ஊரில் நடப்பட்டனர் என்பதையும் அதே எழுத்துகள் சொல்கின்றன அல்லவா?

சேரி என்னும் சொல்லுக்கு இன்றைய பொருளை ஏற்றிப் படிப்பதும் தவறாகும். அந்தணர் ஊர்களிலும் சேரிகள் இருந்தன. அதேவேளை, கோயிலுக்கு நிலமளித்த ஊர்களின் பட்டியலில் கம்மாணசேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பன தனித்தனியே வருகின்றன. முன்னதைச் சொல்லிப் பின்னதை மறைப்பவர் திறனாய்வாளர் ஆகார்.

எழுத்து இவ்வளவு கூறியும், அத்தெருக்களை மண்ணில் தொட்டுக் காட்ட இயலவில்லை. நாயக்கரும் மராத்தியரும் மேலே மேலே கட்டிய நகரம் தஞ்சை. மக்கள் வாழ்ந்துகொண்டேயிருக்கும் ஊரில் அகழ்வதற்கு இடம் ஏது?

கங்கைகொண்ட சோழபுரத்தின் நிலை வேறு. அங்கே மண் திறந்து கிடக்கிறது. மாளிகைமேட்டில் 1980களிலும், மீண்டும் 2021 முதலும் நடந்த அகழ்வுகளில் செங்கற்சுவர்களும் கூரை ஓடுகளும் சீனப் பீங்கான் சில்லுகளும் கிடைத்தன. சுற்றிலும் சுண்ணாம்புக்குழி, ஆயுதக்களம் என்ற இடப்பெயர்கள் வழங்குகின்றன. உடனே, இங்கே சுண்ணாம்பு அரைத்தனர், அங்கே படைக்கலம் வடித்தனர் என்று எழுதிவிடுகிறோம். பெயர் ஒரு துப்பு, சான்று ஆகாது. கொல்லர் இருந்த இடத்தை இரும்புக் கசடு காட்டும். குயவர் தெருவைக் காட்டுவது அரண்மனையில் கிடைத்த நல்ல கலமன்று. சூளையில் கோணி வெடித்து, விலைபோகாமல் அங்கேயே எறியப்பட்ட கலம்.

அகழ்குழிகள் மாளிகைமேட்டைச் சுற்றியே அமைந்தால் அரசன் வீட்டு ஓடுகளே கிடைக்கும். மேட்டுக்கு அப்பாலுள்ள வயல்களிலும் குழியிட்டுப் பார்த்தாலன்றி, இராசேந்திரன் நகரத்துக் குயவர் எங்கே குடியிருந்தனர் என்று நாம் எழுதுவதற்கில்லை.