பெருக்கல் குறியும் கலர்க் கயிறும்: மைனர் த்ரெட் என்கிற இசைக்குழு பற்றி

மைனர் த்ரெட் மூன்று வருஷம்கூட முழுசாக இருக்கவில்லை. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1980 டிசம்பரில் முதல் கச்சேரி. 1983 செப்டம்பர் 23-இல் கடைசிக் கச்சேரி. நடுவில் கிட்டார்க்காரர் லைல் பிரெஸ்லர் காலேஜுக்குப் போய்விட்டதால் சில மாதம் கலைந்தும் கிடந்தது. மொத்தப் பாட்டையும் ஒரு மணி நேரத்துக்குள் கேட்டு முடித்துவிடலாம். முதல் இசைத்தட்டில் எட்டுப் பாட்டு, பத்து நிமிஷம்கூட இல்லை. சபாக்களில் ஒரு ஆலாபனை முடிகிறதுக்குள் இவர்கள் எட்டுப் பாட்டையும் பாடி, வியர்வையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். பங்க் இசையின் அலங்காரத்தை எல்லாம் உரித்து வேகத்தையும் கோபத்தையும் மட்டும் மிச்சம் வைத்த இந்த இசைக்கு ஹார்ட்கோர் என்று பெயர்.

வெள்ளைக்காரப் பையன்களின் கூச்சலுக்கும் சேரிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் கரிவலம்வந்தநல்லூர்க்காரன், பறையடிக்கிற வீட்டுப் பிள்ளை. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறிய பிறகு எங்க பக்கத்துப் பையன்களும் உலகத்துக் கலக இசையை எல்லாம் செல்போனில் தேடிக் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் கலகம் என்று எழுதி ஒட்டியிருப்பதெல்லாம் நம்ம கலகம் ஆகிவிடாது. அதுக்கு இந்தக் குழுவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது. பாடகர் இயன் மக்காயும் டிரம்ஸ் அடித்த ஜெஃப் நெல்சனும் அதுக்கு முன்னால் டீன் ஐடில்ஸ் என்ற குழுவில் இருந்தார்கள். கச்சேரிகளில் சேர்ந்த சில நூறு டாலரைப் பங்கு பிரித்துச் செலவழிக்காமல், கலைந்துபோன அந்தக் குழுவின் பாட்டைத் தாங்களே இசைத்தட்டாகப் போட்டார்கள். டிஸ்கார்ட் என்ற வெளியீட்டகம் 1980-இல் பிறந்தது இப்படித்தான். தட்டின் உறையைக் கையால் வெட்டி, மடித்து, பசை போட்டு ஒட்டினார்கள். குழுக்களோடு எழுத்து ஒப்பந்தம் கிடையாது, லாபத்தில் பங்கு. கையிலிருந்த காசைப் போட்டுப் பத்திரிகை அச்சடித்து, கூட்டத்துக்குக் கூட்டம் தோளில் சுமந்து விற்ற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2005-இல் நைக் கம்பெனி இவர்களுடைய முதல் தட்டின் அட்டைப் படத்தை அப்படியே காப்பியடித்து விளம்பரம் போட்டு, எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டது. டிஸ்கார்ட் இன்னும் விலைபோகவில்லை.

இரண்டாவது, கையில் போடும் பெருக்கல் குறி. வயசுக்கு வராதவர்களுக்கு மது கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகக் கச்சேரிக் கூடத்தில் அவர்கள் புறங்கையில் போட்ட அடையாளம் அது. சான் பிரான்சிஸ்கோவில் இதைப் பார்த்த டீன் ஐடில்ஸ் பையன்கள், ஊருக்குத் திரும்பி, எங்களையும் இப்படி உள்ளே விடுங்கள் என்று கேட்டார்கள். விலக்கி வைக்கப் போட்ட குறியைத் தாங்களே பெருமையாகப் போட்டுக்கொண்டார்கள். ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ என்ற முக்கால் நிமிஷப் பாட்டு, குடிக்காமல் புகைக்காமல் இருப்பதையே ஒரு எதிர்ப்பாக அறிவித்தது.

இது எனக்கு நெஞ்சில் தைக்கிற சேதி. ஊர்ச் சாவுக்கு அடிக்கப் போன எங்க அப்பாவுக்குக் கூலியில் பாதி சாராயம்தான். “நல்லா ஊத்துங்கடா, அப்பத்தான் நல்லா அடிப்பான்” என்பார்கள். அது உபசாரமில்லை, சங்கிலி. அந்தக் கிளாசைத் தட்டிவிடுகிற கை சுயமரியாதை உள்ள கை. ஆனால் தூய்மை என்கிற பேச்சு எங்கே கிளம்பினாலும் நமக்கு மூக்கு விடைக்க வேண்டும். இது சட்டமில்லை, என் வழி மட்டும்தான் என்று மக்காய் 1983-இல் பாட்டுக்கு நடுவிலேயே பேசி வைத்தார். யார் கேட்டா? 1990-களில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் இந்தக் குறியைப் போட்டுக்கொண்டு, குடிக்கிறவனையும் புகைக்கிறவனையும் அடிக்கிற கும்பல்கள் வந்தன. நம்ம மாவட்டங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மணிக்கட்டில் சாதிக்கொரு கலரில் கயிறு கட்டுகிறார்கள். 2019-இல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை விட்டது, கயிறு அறுபடவில்லை. 2023-இல் நாங்குநேரியில் வீடு புகுந்து ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கச்சியையும் வெட்டினார்கள். 2024-இல் நீதிபதி சந்துரு குழு கயிறைத் தடை செய்யச் சொல்லி அறிக்கை கொடுத்தது. கையில் இருக்கிற அடையாளம் விலக்கப்பட்டவன் போட்டதா, விலக்குகிறவன் போட்டதா என்று பார்க்காமல் அடையாள அரசியலைப் பற்றிப் பேசுவது வெட்டிப் பேச்சு.

இனி அந்தப் பாட்டு. 1981-இல் வந்த இரண்டாவது தட்டில் ‘கில்ட்டி ஆஃப் பீயிங் ஒயிட்’. வெள்ளையனாய் இருப்பதே குற்றம் என்று அர்த்தம். அப்போது வாஷிங்டனில் நூற்றுக்கு எழுபது பேர் கறுப்பர்கள். மக்காய் படித்த உட்ரோ வில்சன் பள்ளியிலும் கறுப்பு மாணவர்கள் அதிகம். தான் பிறக்கிறதுக்கு எவ்வளவோ முன்னால் நடந்த அடிமை முறைக்கு என்னை ஏன் அடிக்கிறீர்கள் என்பதுதான் பாட்டு. தோல் நிறத்தை வைத்து யாரையும் தீர்ப்பிடாதே என்ற இனவெறி எதிர்ப்புப் பாட்டுதான் அது என்று அவர் விளக்கம் சொன்னார். 1983-இல் மாக்சிமம் ராக்கன்ரோல் பத்திரிகையில் சக பாடகர்களே அவரை மடக்கிக் கேட்டார்கள்.

அவர் அடி வாங்கியது பொய்யில்லை. அந்த வலியை நான் கேலி செய்யவில்லை. ஆனால் இந்த ராகம் எனக்குப் பழகிய ராகம். காலேஜ் விடுதியில், இட ஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்த ராத்திரிகளில் எல்லாம் ஒருத்தன் இதைப் பாடுவான்: “எங்க தாத்தா செஞ்சதுக்கு நான் ஏன்டே சீட்டை விடணும்?” தாத்தாவின் பாவம் வேண்டாம் என்கிறவன், தாத்தா விட்டுப்போன ரெண்டு கோட்டை விதைப்பாட்டை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதேயில்லை. பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு வெள்ளைப் பையன் சிறுபான்மை. கேட்டைத் தாண்டி வெளியே வந்தால்? பேங்க் யார் கையில், போலீஸ் யார் கையில்? பாட்டு கேட்டோடு நின்றுவிடுகிறது. இதில் வேடிக்கை, மக்காய்க்கு இந்த வேகத்தைக் கற்றுக்கொடுத்ததே பேட் பிரெய்ன்ஸ் என்ற கறுப்பர் குழு. அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பாட்டில் அவர்களுக்கு இடமில்லை.

1996-இல் ஸ்லேயர் குழு இதைத் திரும்பப் பாடியது. கடைசியில் ‘ஒயிட்’ என்பதை ‘ரைட்’ ஆக்கியது. நியாயமாய் இருப்பதே குற்றமாம்! மக்காய் கோபப்பட்டார். கோபம் நியாயம்தான், ஆனால் கதவைத் திறந்து வைத்தது அவர்.

ஒடுக்கப்பட்டவன் பாடினால் எல்லாம் சரி என்றும் நான் சொல்ல வரவில்லை. 1982-இல் டெக்சாஸ் போன பேட் பிரெய்ன்ஸ், பிக் பாய்ஸ் குழுவின் பாடகர் தன்பாலின விருப்பமுள்ளவர் என்பதற்காக அவர்களிடம் கேவலமாக நடந்துகொண்டது. மிதிபட்ட காலும் மிதிக்கும்.

எங்க பையன்களுக்கு இந்தப் பாட்டைத் தாண்டாமல்தான் போட்டுக் காட்டினேன். ஒருத்தன் கேட்டான்: “அண்ணே, அவன அடிச்ச பயலுவ பாட்டு எங்க கெடக்கு?”

கிடக்கிறது. மைனர் த்ரெட்டின் கடைசிக் கச்சேரியில் பிக் பாய்ஸும் இருந்தது, ட்ரபுள் ஃபங்க் என்ற கறுப்பர் குழுவும் இருந்தது. ட்ரபுள் ஃபங்க் வாசிப்பது கோ-கோ, வாஷிங்டன் கறுப்பர்களின் தாள இசை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் தாளம் நிற்காது, கூட்டம் கூப்பிடும், குழு பதில் சொல்லும். நம்ம அடிகாரர்கள் கேட்டால் உடனே கால் மாற்றுவார்கள். ஹார்ட்கோர் உலகம் முழுக்கப் போனது. கோ-கோ பெரும்பாலும் அந்த ஊர்த் தெருக்களிலேயே, கேசட்டுகளில் கைமாறி உயிரோடு இருந்தது. 2019-இல் ஷா என்ற பகுதியில் ஒரு கடை வாசலில் பல வருஷமாக ஒலித்துக்கொண்டிருந்த கோ-கோவை, பக்கத்துப் புது அடுக்குமாடியில் குடியிருந்த ஒருவர் சத்தம் என்று புகார் செய்து நிறுத்த வைத்தார். ஆயிரக்கணக்கில் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். கடை வாசலில் பாட்டு திரும்ப ஒலித்தது. 2020-இல் கோ-கோ அந்த நகரத்தின் அதிகாரபூர்வ இசை என்று சட்டமே போட்டார்கள். மக்காய் படித்த பள்ளிக்கும் 2022-இல் பெயர் மாற்றினார்கள். கறுப்பர்களை அரசு அலுவலகங்களில் தனியே பிரித்து உட்கார வைத்த ஜனாதிபதி வில்சனின் பெயரை எடுத்துவிட்டு, அங்கே வேலை பார்த்த முதல் கறுப்பின ஆசிரியை எட்னா ஜாக்சன், முதல் கறுப்பினத் தலைமையாசிரியர் வின்சென்ட் ரீட், இரண்டு பேர் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.