விடுபட்ட ஒரு வாக்கியம்

சிறை அனுபவ நூல்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி. தம் சுயசரிதையைச் செய்யுளாகவே எழுதினார். ராஜாஜி 1921-22இல் வேலூர்ச் சிறையில் நாட்குறிப்பு எழுதினார். சி.ஏ. பாலனின் ‘தூக்குமர நிழலில்’, தியாகுவின் ‘சுவருக்குள் சித்திரங்கள்’ ஆகியவற்றையும் வாசகர்கள் படித்திருக்கக்கூடும். கட்சி எதுவானாலும், இவர்களெல்லாம் எதற்காக உள்ளே போகிறோம் என்று தெரிந்து போனவர்கள். அந்தத் தெளிவே அவர்கள் எழுத்துக்கு ஒரு நிமிர்வைக் கொடுத்துவிடுகிறது.

பேரறிவாளனின் ‘தூக்குக் கொட்டடியிலிருந்து ஒரு முறையீட்டு மடல்’ இந்த வரிசையில் சேராத நூல். தான் வரித்துக்கொண்ட கொள்கைக்காகச் சாகப் போகிறவன் பேசுகிற பேச்சு அல்ல அது. “நான் அதைச் செய்யவில்லை, கேளுங்கள்” என்று கதவைத் தட்டுகிறவனுடைய பேச்சு. இரண்டுக்கும் தொனியே வேறு.

ஆவடிப் பக்கத்து வாசகர்களுக்கு இந்தக் கதை நடந்த இடம் அந்நியமானதல்ல. பஸ் ஏறினால் சற்று நேரத்தில் பூந்தமல்லி. ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்த தடா கோர்ட்டு அங்கேதான் இருந்தது. சந்தைக்கும் கோயிலுக்கும் ஜனங்கள் போய் வந்துகொண்டிருக்க, மதிலுக்கு உள்ளே, மூடிய கதவுகளுக்குப் பின்னால் விசாரணை நடந்தது. 1998 ஜனவரி 28ஆம் தேதி தீர்ப்பு வந்தது. எதிரிகள் 26 பேர். 26 பேருக்கும் தூக்கு. அடுத்த ஆண்டு மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. சிறு குற்றம் எஞ்சியவர்களுக்கு ஏற்கெனவே கழித்த சிறைவாசமே போதுமென்று ஆயிற்று. மூவருக்கு ஆயுள் தண்டனை, நால்வருக்கு மட்டும் தூக்கு. இப்படி ஒரு கதையை நான் எழுதிக் கொடுத்திருந்தால், நம்பும்படியாக இல்லை என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

அந்த நால்வரில் ஒருவர் பேரறிவாளன். 1991 ஜூனில் கைதானபோது அவருக்கு வயது 19. இரண்டு 9 வோல்ட் பாட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. தடாச் சட்டப்படி, போலீஸ் சூப்பரின்டெண்டு எழுதிக்கொள்ளும் வாக்குமூலமே சாட்சியமாகிவிடும். சாதாரணச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. அந்த வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013இல், ஓய்வு பெற்ற பிறகு, ஒரு விஷயத்தை வெளியிட்டார். பாட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று அந்த வாலிபன் சொன்னானாம். அந்தப் பகுதியைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டாராம்.

வெட்டுவதும் சுருக்குவதும் எங்கள் தொழில். ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டால் பாத்திரத்தின் குணமே மாறிப்போகும் என்பது கதை எழுதுகிற யாருக்கும் தெரியும். இங்கே ஒரு வாக்கியம் போனதில், ஏவிய காரியத்தைச் செய்த பையன் சதிகாரனாகிவிட்டான். அதிகாரி வாய் திறப்பதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே முறையீட்டு மடல் அச்சாகிவிட்டது. இன்று அதைத் திரும்ப எடுத்துப் படித்தால், வெறும் வாதாட்டமாகத் தோன்றிய பக்கங்கள், காணாமற்போன அந்த ஒரு வரியைத் தேடித் திரிகிறவனின் குரலாகக் கேட்கின்றன.

நூலில் குறை இல்லாமல் இல்லை. முறையீடு என்னும் உருவமே அதைக் குறுக்கிவிடுகிறது. வழக்குக்கு உதவாதது எதற்கும் அங்கே இடமில்லை. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு, காவலுக்கு நின்ற போலீஸாரும் கூட்டத்துக்கு வந்த ஜனங்களும் மாண்டார்கள். அவர்கள் வீட்டாருக்கும் எழுத ஒரு மடல் இருக்கும். அதை மறந்துவிட்டு இந்த நூலைப் படிப்பது அரை வாசிப்புத்தான்.

2011 செப்டம்பர் 9ஆம் தேதி என்று தூக்குக்கு நாள் குறித்து, ஹைகோர்ட்டு தடுத்தது. 2014இல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. நிரபராதி என்று சொல்லி அல்ல. மந்திரிசபையின் சிபாரிசு கவர்னரிடம் கிடந்த தாமதத்தைச் சொல்லி. ஆகவே, எழுதாமல் விட்ட அந்த வாக்கியம் தீர்ப்பில் ஏறவே இல்லை.

இனி அவர் முறையிட வேண்டிய அவசியமில்லை. நான் படிக்க விரும்புவது அந்தப் பத்தொன்பது பேரின் கதையை. பதினைந்து மாதம் தூக்குக் கைதிகளாக இருந்துவிட்டு, தூக்கு இல்லை என்று கேட்டவர்கள் அவர்கள். தியாகு உடனிருந்த கைதிகளைத் தீட்டியதுபோல, பேரறிவாளனும் இவர்களைத் தீட்டலாம். தன் கழுத்தில் கயிறு இருந்தபோது அடுத்தவன் முகத்தைப் பார்த்து எழுத அவகாசம் இருந்திராது. இப்போது இருக்கிறது.