பாயாவும் முப்புரியும்

ஆட்டுக்கால் பாயாவை ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் எடுத்துப் பாருங்கள். நேற்று தண்ணியாய் ஓடியது, பாத்திரத்தைச் சாய்த்தாலும் நகராமல் தளதளவென்று நிற்கும். கரண்டியால் தட்டினால் மொத்தமும் நடுங்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. அதில் பெரும்பங்கு தண்ணீர்தானே! அதைக் கட்டி நிறுத்தியிருப்பது கொஞ்சூண்டு புரதம்.

அந்தப் புரதத்தின் தாய் கொலாஜன். அதன் வடிவம் பிடிபட்டது லண்டனிலோ பாரிஸிலோ இல்லை, நம்ம கிண்டியில்! சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் ‘நேச்சர்’ இதழில் அதை எழுதினார்கள். ராமச்சந்திரனுக்கு அப்போது வயது 31. அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வழியாகக் கிடைத்த கங்காரு வால் தசைநாணை எக்ஸ் கதிரில் படமெடுத்துப் பார்த்தவர்கள் அவர்கள்.

மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட முப்புரிக் கயிறு அது. தடிமன் ஒன்றரை நானோமீட்டர்தான். ஒவ்வோர் இழையிலும் மூன்றுக்கு ஒரு இடம் கிளைசினுக்கு. இழைகள் நெருக்கும் நடுவில், அமினோ அமிலங்களிலேயே சிறிசான அதற்கு மட்டும்தான் இடம் உண்டு. அங்கே வேறொன்று வந்து உட்கார்ந்தால் எலும்பு பொசுக்கென்று முறிகிற நோய்கூட வரலாம். என்ன ஒரு துல்லியம்!

அடுப்புச் சூட்டில் இந்த முறுக்கு பிரிகிறது. ஆறும்போது இழைகள் அங்கங்கே மறுபடி முறுக்கிக்கொண்டு வலையாகின்றன. தண்ணீர் அதற்குள் மாட்டிக்கொள்கிறது. பாயா உறைவது அப்படித்தான்.

தோலிலும் இருக்கும் இதே கொலாஜனைச் சூட்டுக்கு அசையாதபடி கட்டிப்போடும் வித்தை எங்கள் குரோம்பேட்டை வட்டாரத்துப் பழைய தொழில். ஊருக்குப் பெயர் தந்ததே குரோம் லெதர் தொழிற்சாலைதான். பச்சைத்தோல் 60, 65 டிகிரியிலேயே சுருண்டுவிடும். குரோமிய உப்பு உள்ளே இறங்கி, இழைக்கும் இழைக்கும் குறுக்கே பாலம் போட்டுவிட்டால் கொதிநீரையே தாங்கும். நாகல்கேணியில் ஒரு நண்பர் வெளிர்நீலமாய், ஈரம் காயாத ‘வெட் ப்ளூ’ துண்டு ஒன்று கொடுத்தார். காகிதத்தில் அதன் விளிம்பைப் பென்சிலால் வரைந்துகொண்டு, கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். எடுத்துக் கோட்டின் மேல் வைத்தால், இம்மிகூடச் சுருங்கவில்லை! தோல் பதமாகிவிட்டதா என்று தொழிலில் பார்ப்பதும் இப்படித்தான்.

அந்த அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கே ‘ட்ரிப்பிள் ஹெலிக்ஸ்’, அதாவது முப்புரி என்றுதான் பெயர். அங்கே பொது நிகழ்ச்சி ஏதாவது நடந்தால் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவசியம் சொல்லுங்கள்.