சீறாவின் இறுதிக் காண்டமும் வாசகரும்

உமறுப் புலவரின் சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களாக அமைந்தது. ஆயினும், அதன் இறுதிக் காண்டம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வை முழுமையாகக் கூறாமல் உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுவிடுகிறது. மக்கா வெற்றியும் பெருமானாரின் மறைவும் அதில் இடம்பெறவில்லை.

இம்முடிவு கண்டு மனநிறைவு கொள்ளாத வாசகர் பனீ அகுமது மரைக்காயர். 18ஆம் நூற்றாண்டில் எஞ்சிய வரலாற்றை அவர் தனிநூலாகப் பாடினார். உமறுவின் காண்டத்தை நீட்டாமல், தம் நூல் 'சின்னச் சீறா' என வழங்க விட்டதில் சிறந்ததொரு திறனாய்வு நெறியைக் காண்கிறோம். மூலத்தின் குறையை உணர்ந்தார், மூலத்தைத் தொடவில்லை.

காப்பியம் முற்றுப்பெறவில்லையே என இன்று வருந்தும் நாம், பதுறும் உகுதும் விரியும் அக்காண்டத்தின் 47 படலங்களையேனும் முழுமையாகப் படித்திருக்கிறோமா? படித்தவருக்கே அவ்வருத்தம் உரியது.