செத்தது யாரு?

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிப்பதற்குச் சில நாள் முன்னால் பெங்களூரிலிருந்து ஆழ்வார்திருநகரிக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு வாரத்துக்கென்று கட்டிய பை, அதில் ஒரு லேப்டாப், நாலு டீஷர்ட். ராத்திரி பத்து மணிக்கு ஆபீஸ் கால் எல்லாம் முடிந்தபிறகு திண்ணையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். கோயில் நடை சாத்தி, தெருவும் அடங்கியிருக்கும். அப்போதுதான் 'சீரியல்' பாட்காஸ்டின் முதல் சீசனை இரண்டாம் முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆச்சிக்குத் தூக்கம் குறைவு. ஒருநாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னத்தய்யா இப்படி அசையாம கேட்டுக்கிட்டு இருக்க?"

"ஒரு கொலைக் கேசு ஆச்சி. அமெரிக்காவுல நடந்தது."

"செத்தது யாரு?"

"பள்ளிக்கூடத்துல படிச்ச ஒரு பொண்ணு."

"யாரு வீட்டுப் பிள்ளை? கூடப் பொறந்தவுக உண்டா?"

எனக்குத் தெரியவில்லை. எட்டு எபிசோடு, அதுவும் இரண்டாவது தடவை கேட்டிருக்கிறேன். அந்த 1999 ஜனவரி 13 அன்று பள்ளி விட்ட 2:15-க்கும், வந்து கூட்டிப்போகச் சொல்லி போன் வந்ததாகச் சொல்லப்படும் 2:36-க்கும் நடுவில் 21 நிமிடம் இருக்கிறது என்று தெரியும். எந்த செல்போன் டவர் எந்தப் பூங்காவைப் பார்த்து நின்றது என்று தெரியும். ஒரு கடை வாசலில் அந்தக் காலத்தில் பொதுத் தொலைபேசி இருந்ததா இல்லையா என்று அரைமணி நேரம் வாதாடுவேன். ஹே மின் லீ என்ற அந்தப் பெண்ணுக்குத் தம்பியா, அண்ணனா, யாராவது உண்டா என்று கேட்டால் விழிக்கிறேன்.

கூகுளில் தேடித்தான் சொன்னேன். ஒரு தம்பி. கொரியாவிலிருந்து அம்மாவோடு குடிபெயர்ந்து வந்த குடும்பம். "ம்" என்றாள் ஆச்சி. கொலை செய்தது யார் என்று அவள் கேட்கவே இல்லை.

அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு இந்த வகை நிகழ்ச்சிகளைத் திரும்பக் கேட்டுப் பார்த்ததில் எனக்குத் தோன்றியவைதான் இந்தக் கட்டுரை. நண்பர்கள் "ட்ரூ கிரைம் ஏதாவது நல்லதா சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கு ஏற்ற மாதிரி நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் சொல்லும் வரிசை மாறிவிட்டது.

'சீரியல்' 2014-இல் வந்தது. சாரா கோனிக் 12 எபிசோடுகளில், தன் முன்னாள் காதலியைக் கொன்றதாக ஆயுள் தண்டனை பெற்ற அத்னான் சையதின் வழக்கைக் குடைகிறார். இந்த வகைக்கு உலகச் சந்தையைத் திறந்துவிட்டது இதுதான். என் போன்ற ஆட்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. வேலையில் நாள் முழுக்க லாக் ஃபைலைப் படித்து, எந்த நொடியில் எந்தச் சர்வர் விழுந்தது என்று தேடுகிறவனுக்கு, ஒரு கொலையையும் அப்படியே பிரித்துப் போடலாம் என்பது பெரிய போதை. கோனிக்கின் பெரிய பலம், தன் சந்தேகத்தை மறைக்காமல் நம் காதுக்குள்ளேயே யோசிப்பது. பலவீனமும் அதுவே. வாராவாரம் கதையின் நாயகன் அவருடைய சந்தேகம்தான். செத்தவளின் டைரிகூட அந்தச் சந்தேகத்துக்குத் தீனியாகத்தான் வருகிறது.

பிறகு நடந்தது அந்த 12 எபிசோடுகளில் இல்லை. 2022 செப்டம்பரில் தண்டனையை ரத்துசெய்து சையதை வெளியே விட்டார்கள். அந்த விசாரணைக்குப் போதிய அவகாசம் கொடுத்துத் தனக்குத் தகவல் சொல்லவில்லை என்று தம்பி மேல்முறையீட்டுக்குப் போனார். 2023-இல் தண்டனை மறுபடி உயிர்பெற்றது. 2024-இல் மேரிலாந்து உச்ச நீதிமன்றமும் குடும்பத்தின் பக்கம் நின்றது. 2025-இல், தண்டனை அப்படியே நிற்க, கழித்த காலமே போதும் என்று சையதுக்குச் சொல்லப்பட்டது. 2022 விசாரணையில் காணொலி வழியே பேசிய அந்தத் தம்பி, இது தனக்கு பாட்காஸ்ட் இல்லை, நிஜ வாழ்க்கை என்றார். அதைப் படித்த அன்று ராத்திரி ஹெட்போனைத் தொடவில்லை. மறுநாள் தொட்டேன், அது வேறு விஷயம்.

புதிர் பிடிக்கும் என்கிறவர்களுக்கு இப்போதும் 'சீரியல்' சொல்கிறேன். மறுப்பதற்கில்லை, அது நல்ல புதிர்.

ஒரு மனிதன் மாட்டிக்கொண்டால் யந்திரம் எப்படி அரைக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு 'இன் தி டார்க்' இரண்டாம் சீசன். 2018-இல் வந்தது. இதுவரை நான் கேட்டதிலேயே பெரிய வேலை இது என்பேன். மிசிசிப்பியின் வினோனா என்ற சிற்றூரில் 1996-இல் ஒரு மரச்சாமான் கடையில் நாலு பேர் கொல்லப்பட்டார்கள். கர்ட்டிஸ் ஃப்ளவர்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஒரே அரசு வழக்கறிஞர் ஆறு தடவை விசாரணைக் கூண்டில் ஏற்றினார். ஆறு தடவை! மேடலின் பாரனும் குழுவும் அந்தப் பகுதிக்கே குடிபோய், ஒரு வருடம் வீடு வீடாகக் கதவு தட்டினார்கள். நீதிமன்றக் கிடங்குகளில் கிடந்த தாள்களை ஸ்கேன் செய்து, அந்த வழக்கறிஞர் அலுவலகம் கறுப்பின ஜூரர்களை வெள்ளையரைவிட நாலு மடங்குக்கும் மேலான விகிதத்தில் கழித்துக்கட்டியதை எண்ணிக் காட்டினார்கள். அசட்டு இசை இல்லை, திகில் குரல் இல்லை. எண்ணிக்கை மட்டும். 2019-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்துசெய்தது. 2020 செப்டம்பரில் வழக்கையே கைவிட்டார்கள். கிட்டத்தட்ட 23 வருடம் போய்விட்டது அந்த மனிதருக்கு.

ஆனால் ஆச்சியின் கேள்வியை இங்கே கொண்டுவந்தால் இந்தத் தொடரும் கொஞ்சம் தடுமாறும். செத்த நாலு பேரின் வீட்டார் இதில் பெரும்பாலும் பேச மறுத்து, கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அந்தக் கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான்.

நாவல் வாசிக்கிறவர்கள் 'எஸ்-டவுன்' கேட்பார்கள், எழுந்து நின்று கைதட்டுவார்கள். நானும் தட்டினேன். இறந்துபோன ஒரு மனிதரின் அந்தரங்கத்தை அவர் அனுமதி இல்லாமல் அவ்வளவு அழகாகச் சொல்லலாமா என்று பிறகு கூசியது. அந்தக் கூச்சத்தோடே கேளுங்கள்.

சித்தி மகள் ஒருத்தி சென்னையில் வேலை பார்க்கிறாள். ராத்திரி பதினொன்றுக்கு கேப்பில் வரும்போது 'கிரைம் ஜங்கி' கேட்பாளாம். "பயமா இருக்காதா?" என்று கேட்டேன். "கேட்டாத்தான் அண்ணே பயம் குறையுது" என்றாள். கிண்டல் செய்ய வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டேன். அமெரிக்காவில் பாட்காஸ்ட் கேட்கும் பெண்களில் 44 சதவீதம் பேர் தொடர்ந்து ட்ரூ கிரைம் கேட்கிறார்கள், ஆண்களில் 23 சதவீதம் என்று ப்யூ ஆய்வு மையம் 2023-இல் சொன்னது. கார்க் கதவு லாக் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வீடு வருகிறவளுக்கு அது பொழுதுபோக்கு மட்டும் இல்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. இருந்தாலும் 'கிரைம் ஜங்கி'யை நான் யாருக்கும் சொல்வதில்லை. வாரம் ஒரு சாவு, நடுவில் விளம்பரம். மற்றவர்களின் உழைப்பை உரிய பெயர் சொல்லாமல் எடுத்தாண்டதாக 2019-இல் அதன்மீது புகார் எழுந்து, சில எபிசோடுகளை நீக்கவும் செய்தார்கள்.

அவளுக்கு நான் அனுப்பியது 'பேர் புரூக்'. நியூ ஹாம்ப்ஷர் பொது வானொலிக்காக ஜேசன் மூன் செய்தது, 2018. காட்டுக்குள் 1985-இல் ஒரு பீப்பாய், 2000-இல் இன்னொன்று. இரண்டிலுமாக ஒரு பெண், மூன்று சிறுமிகள். கொன்றவன் யார் என்பது தொடரின் நடுவிலேயே தெரிந்துவிடுகிறது. பாக்கி நேரமெல்லாம் தொடர் விடாமல் துரத்துவது, செத்தது யாரு என்ற ஒன்றை மட்டும்தான். 2019-இல் மூன்று பேருக்குப் பெயர் கிடைத்தது, அதில் ஒரு நூலகர் தன் சொந்த நேரத்தில் தேடிய தேடலுக்குப் பங்குண்டு. ஆச்சிக்கு இங்கிலீஷ் தெரிந்திருந்தால் இதைத்தான் போட்டுக் காட்டியிருப்பேன்.

ஆச்சியின் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை யோசித்தால் கொடைக்குத்தான் போய் நிற்கும். தாமிரபரணிக் கரையில் வளர்ந்த யாருக்கும் முதல் ட்ரூ கிரைம் நிகழ்ச்சி வில்லுப்பாட்டுதான். வில், குடம், உடுக்கு, விடிய விடிய ஒரு கொலை. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் தெற்கே களப்பணி செய்து 1988-இல் எழுதிய புத்தகத்தில், வில்லுப்பாட்டுக் கதைகளைப் பிறப்புக் கதை, இறப்புக் கதை என்று பிரிக்கிறார். இறப்புக் கதையின் ஆள், கொல்லப்பட்டதால் தெய்வமானவர். சொரிமுத்து அய்யனார் கோயிலில் இருக்கும் பட்டவராயனை எடுத்துக்கொள்ளுங்கள். முத்துப்பட்டன் என்ற பிராமணன், பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு சக்கிலியர் பெண்களைக் கட்டி, மாடு களவாட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தான் என்பது கதை. இன்றைக்கும் அவனுக்குச் செருப்புதான் காணிக்கை.

பாடும்போது யாருக்கும் முடிவு தெரியாமல் இல்லை. ஸ்பாய்லர் என்ற பேச்சே கிடையாது. சாவு வரும் இடத்தில் உடுக்கு வேகமெடுக்கும், கூட்டத்தில் யாருக்காவது அருள் வரும். செத்தவன் எழுந்து வந்து எதிரே நின்று கேட்கிற மாதிரி. கேட்டு முடித்து எழுந்து போய்விட முடியாது, படைக்க வேண்டும், அடுத்த வருஷமும் வரவேண்டும்.

ஊர்ப்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. வில்லுப்பாட்டும் சுத்த சுயம்பிரகாசம் அல்ல. முத்துப்பட்டன் கதையின் சில வடிவங்களில் அந்த இரண்டு பெண்களும் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், தொலைந்துபோய் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவர்கள் என்று ஒட்டுப்போட்டிருக்கும். யாருக்கோ உறுத்தியிருக்கிறது, எடிட் செய்திருக்கிறார்கள். சந்தையிலும் ரயிலிலும் விற்ற கொலைச்சிந்துப் புத்தகங்களோ நேரடி வியாபாரம். கொலை நடந்த சூடு ஆறுவதற்குள் பாட்டு அச்சாகிவிடும். இன்றைய யூடியூப் சேனல்களின் சிவப்பு எழுத்துத் தம்நெயிலைப் பார்க்கும்போது கோபம் வருவதற்குப் பதில் எனக்கு அந்தச் சிந்து விற்றவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

இப்படியெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து தத்துவம் பேசிக்கொண்டிருந்த அதே 2020-இல், ஜூன் மாதம், எங்கள் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் சாத்தான்குளத்தில் அது நடந்தது. ஊரடங்கு நேரம் தாண்டி செல்போன் கடையைத் திறந்துவைத்தார்கள் என்று 19-ஆம் தேதி ஜெயராஜையும் அவர் மகன் பெனிக்ஸையும் காவல் நிலையத்தில் பிடித்துவைத்தார்கள். 22-ஆம் தேதி இரவு மகன், 23-ஆம் தேதி அதிகாலை அப்பா. தரையில் உருண்டு புரண்டதால் அவர்களுக்குக் காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கை கதை சொன்னது.

சில நாளில் பாடகி சுசித்ராவின் வீடியோ வந்தது. தென்னிந்தியாவில் நடப்பது வெளியே தெரிவதில்லை, அதனால் இங்கிலீஷில் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, அந்த ராத்திரியை விலாவாரியாகச் சொன்னார். நல்ல பாட்காஸ்ட் குரல். எங்கே நிறுத்தணும், எங்கே மூச்சு விடணும் என்று தெரிந்த குரல். நான் அதை முழுசாகப் பார்த்து, அடுத்த நிமிடமே ஆபீஸ் குரூப்பில் போட்டேன். இந்தி பேசும் சகாக்கள் அதிர்ந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது, அதைச் சொல்லாமல் இருந்தால் இந்தக் கட்டுரை பொய். ஜூலையில் சிபிசிஐடி, அந்த வீடியோவில் உள்ளவை மிகைப்படுத்தப்பட்டவை, நம்ப வேண்டாம் என்றது. அவரும் நீக்கிவிட்டார். அந்த வீடியோ இல்லாவிட்டால் டெல்லிவரை இந்தச் சத்தம் போயிருக்குமா என்று கேட்டால், சந்தேகம்தான். அது இருந்ததால், போலீஸ் "மிகை" என்று சொல்ல ஒரு இடம் கிடைத்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து விழுங்க வேண்டியிருக்கிறது.

மிகை எதுவுமே தேவைப்பட்டிருக்காது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசன் விசாரிக்கப் போய், அங்கே தனக்கு நடந்ததை உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு எழுதிய அறிக்கை இருக்கிறது. நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே நிலையத்தில் வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி, லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்ததாகச் சொன்னார். வெளியே சக காவலர்கள் நிற்க, பயந்து பயந்து, தயங்கி, கடைசியில் கையெழுத்துப் போட்டார். இதைச் சொல்ல எந்தப் பின்னணி இசையும் வேண்டாம்.

அந்த அறிக்கையில் என்னை நிறுத்திய வரி வேறொன்று. கண்காணிப்புக் கேமராவின் ஹார்ட் டிஸ்க் 1 டெராபைட். இடம் தாராளமாக இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட்டிங் இருந்தது. 19-ஆம் தேதிப் பதிவு இல்லை. எங்கள் தொழிலில் இதை ரிடென்ஷன் என்போம். எத்தனை நாள் வைத்திருப்பது என்று ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு எண். நானே எத்தனையோ தடவை யோசிக்காமல் நிரப்பியிருக்கிறேன். அலட்சியமா, ஏற்பாடா என்று சொல்வது என் வேலை இல்லை. 21 நிமிடத்தை வருடக்கணக்கில் சலித்த எனக்கு, முழுசாக ஒரு ராத்திரி அந்தச் சின்னப் பெட்டிக்குள் போய்விட்டது என்பதைத் தாங்க முடியவில்லை.

ஆச்சிக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பால்காரர் வழியாகவே எல்லாம் வந்திருந்தது. "மூணு பொம்பளைப் பிள்ளைக உண்டாம் அவருக்கு," என்றாள். "கொள்ளி வைக்கவும் மகன் இல்லாமப் போச்சே."

வழக்கு சிபிஐக்குப் போய், மதுரையில் வருடக்கணக்காக விசாரணை நடந்தது. செய்தி வரும்போது படிப்பேன், ஒவ்வொரு சாட்சியமும் வேலை நேரத்தில் நோட்டிஃபிகேஷனாக வந்து போகும். திருச்செந்தூர் போகும் வழியில் குரும்பூரில் இறங்கி டீ குடித்திருக்கிறேன், எத்தனையோ தடவை. அங்கிருந்து திரும்பி சாத்தான்குளம் போனதில்லை. ஹே மின் லீ படித்த பள்ளியிலிருந்து அந்தப் பூங்காவுக்கு எந்தச் சாலையில் போக வேண்டும் என்று இப்போதும் சொல்வேன். அந்தக் கடை எந்தத் தெருவில் இருந்தது, அங்கிருந்து காவல் நிலையம் எத்தனை நடை தூரம் என்று ஆச்சி கேட்டிருந்தால், மறுபடியும் போனைத்தான் எடுத்திருப்பேன்.